ஆய்வகத்தில் உருவாகும் இன்சுலின் செல்கள்

எந்த நீரிழிவுக்கு இது?

கணையத்தில் சிறு திட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் பீட்டா செல்கள், இரத்தச் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தை இடைவிடாது உணர்ந்து, அதற்கேற்ப இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில், கிருமிகளைத் தாக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே இச்செல்களை அழித்துவிடுவதால், நோயாளி வாழ்நாள் முழுவதும் இன்சுலின் ஊசியைச் சார்ந்தே இருக்க நேர்கிறது. பேச்சு வழக்கில் ‘சர்க்கரை’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதை ஏற்றுச் செயல்படுவதில் குறை இருப்பதால், புதிய செல்களைப் புகுத்துவது மட்டும் அதற்குத் தீர்வாகிவிடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நாடளாவிய ஆய்வு 2023-இல் கணித்த சுமார் 10 கோடி நீரிழிவு நோயாளிகளிலும் இரண்டாம் வகையினரே மிகுதி. ஆகவே, குருத்தணுவிலிருந்து (ஸ்டெம் செல்) ஆய்வகத்தில் இன்சுலின் செல்களை உருவாக்கிச் செலுத்தும் குருத்தணுச் சிகிச்சை குறித்த செய்திகள் இப்போதைக்கு அவர்களில் சிறு பகுதியினரையே நேரடியாகச் சாரும்.

குருத்தணு பீட்டா செல்லாகும் விதம்

பல்வேறு வகைச் செல்களாக மாற வல்ல, இன்னும் தனக்கென ஒரு பணியை ஏற்காத செல்லே குருத்தணு எனப்படுகிறது. கருவிலிருந்து இதைப் பிரித்தெடுக்கலாம்; வளர்ந்த மனிதரின் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பியும் பெறலாம் என்பதை ஜப்பானின் ஷின்யா யாமனாக்கா 2007-இல் காட்டி, 2012-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கருவில் கணையம் உருவாகும்போது எந்தெந்த வேதிச் சமிக்ஞைகள் எந்த வரிசையில் வருகின்றனவோ, அவற்றை அதே வரிசையில் வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தால், குருத்தணு முதலில் குடற்படலச் செல்லாகி, பின் கணைய முன்னோடிச் செல்லாகி, சில வாரங்களில் இன்சுலின் சுரக்கும் செல்லாக முதிர்கிறது. வரிசையோ அளவோ பிசகினால் வேறு செல்கள் விளைந்துவிடும். தம் பிள்ளைகள் இருவருக்கும் முதல் வகை நீரிழிவு வந்ததால் இத்துறைக்கே திரும்பிய, அப்போது ஹார்வர்டு பேராசிரியராக இருந்த டக்ளஸ் மெல்டன், 2014-இல் இம்முறையில் கோடிக்கணக்கான செல்களை ஒரே தொகுதியில் வளர்த்துக் காட்டினார்.

அகமதாபாத்தின் முன்முயற்சி

இந்தியாவில் இன்சுலின் சுரக்கும் செல்களை நோயாளிகளிடம் முயன்றது, சற்றே வியப்பாக, ஒரு சிறுநீரக மையம். அகமதாபாத் சிறுநீரக நோய் ஆராய்ச்சி மையத்தின் எச்.எல். திரிவேதி குழுவினர், தானமாகப் பெற்ற கொழுப்புத் திசுவின் செல்களை இன்சுலின் சுரக்கச் செய்து, எலும்பு மஜ்ஜைச் செல்களுடன் சேர்த்து 5 நோயாளிகளுக்குச் செலுத்திய முடிவை 2008-இல் வெளியிட்டனர். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க மஜ்ஜைச் செல்களைப் பயன்படுத்திய அனுபவம் அவர்களுக்கு இருந்ததே இந்த இணைப்புக்குக் காரணம். இன்சுலின் தேவை குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத, சிலரை மட்டுமே கொண்ட ஆய்வு என்பதால் அதைச் சான்றாகக் கொள்வதைவிடத் தொடக்கமாகக் கொள்வதே பொருந்தும்.

எதிர்ப்பாற்றல் என்னும் தடை

2025 ஜூனில் வெளியான அமெரிக்க வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வில், குருத்தணுவிலிருந்து உருவாக்கிய திட்டுச் செல்களை ஈரலுக்குச் செல்லும் சிரை வழியாக முழு அளவில் ஒரே தவணையில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை. ஆனால் அன்னியச் செல்களை உடல் அழிக்காதிருக்க, எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மருந்துகள் தொற்றுகளுக்கு வழிவிடுபவை; அவ்வாய்வில் பங்கேற்ற ஒருவர் பூஞ்சையால் வந்த மூளையுறை அழற்சியில் உயிரிழந்தார். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, அதை உணரவும் இயலாமல் மயங்கி விழும் நோயாளிகளையே இவ்வாய்வு சேர்த்துக்கொண்டதன் நியாயம் இங்குதான் உள்ளது: ஊசியால் கட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு இம்மருந்துகள் நோயைவிடப் பெரிய சுமையாகலாம். நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்தே திட்டுகளை உருவாக்கும் வழியைச் சீனாவின் தியான்ஜின் நகர மருத்துவர்கள் 25 வயதுப் பெண்ணிடம் முயன்று, சுமார் 75 நாட்களில் ஊசியை நிறுத்த முடிந்ததை 2024-இல் அறிவித்தனர். எனினும் ஈரல் மாற்றத்திற்காக அவர் ஏற்கெனவே அம்மருந்துகளை உட்கொண்டு வந்தவர். சொந்தச் செல்லையும் தாக்குவதே முதல் வகை நீரிழிவின் இயல்பாதலால், அம்மருந்துகள் இல்லாமல் அச்செல்கள் நிலைத்திருக்குமா என்பது இம்முயற்சியால் தெளிவாகவில்லை.

விளம்பரங்களை எடைபோடுதல்

குருத்தணுச் சிகிச்சை என்ற பெயரில் விளம்பரப்படுத்தப்படும் ‘ஸ்டெம் செல் ஊசி’ பெரும்பாலும் நோயாளியின் கொழுப்பிலோ மஜ்ஜையிலோ எடுத்த செல்களை, பீட்டா செல்லாக மாற்றாமலே உடலுள் செலுத்துவதாகும். மேற்கண்ட ஆய்வுகளின் பெருமையை அதற்குச் சூட்டுவது முறையன்று. 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்றத்தைத் தவிர, பிற குருத்தணுப் பயன்பாடுகளை முறையான மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன. அத்தகைய ஆய்வு இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதன் பதிவு எண்ணைக் கேட்பதும், ஆய்வுநிலைச் சிகிச்சைக்குப் பணம் கேட்கப்படுகிறதா என்று பார்ப்பதும் முதற்கட்டச் சோதனைகள். புதுச் செல்கள் உண்மையில் இன்சுலின் சுரக்கின்றனவா என்பதை, இன்சுலினோடு சேர்ந்தே வெளிப்படும் சி-பெப்டைடு என்னும் பொருளை இரத்தத்தில் அளந்து அறியலாம். ஊசி மருந்தில் அது இராது. அவ்வளவீடு உயர்ந்து, மருத்துவர் படிப்படியாகக் குறைக்கும் வரை முதல் வகை நோயாளி இன்சுலினை நிறுத்தலாகாது. நிறுத்தினால் இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் நிலை ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.