சமையலறையிலிருந்து எத்தனை எட்டு?

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டி பதினாறு வருஷம் உழைத்தது. கடைசி இரண்டு வருஷம் ராத்திரியானால் முனகும். "உங்கப்பா குறட்டை மாதிரியே இருக்கு" என்பார் என் கணவர். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று நானும் விட்டிருந்தேன். சுற்றுச்சூழல், பருவநிலை என்றெல்லாம் எத்தனை சுவரொட்டியை மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டினாலும் அந்தப் பெட்டி அசைந்திருக்காது. 2024 ஏப்ரலில் மகள் கைப்பேசியை நீட்டி, "அம்மா, அரசாங்கம் 300 வெள்ளி கொடுக்குது, பழசை மாத்திடலாம்" என்றாள். அசைந்துவிட்டது.

சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்போம். நாங்கள் இருப்பது ஈசூனில், வீவக அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடி. வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அந்த 300 வெள்ளி ரொக்கமாக வராது, பற்றுச்சீட்டாக வரும். 2020இல் ஓரறை முதல் மூவறை வரையுள்ள வீடுகளுக்கு மட்டும் தொடங்கிய திட்டம் அது. 2024இல் எல்லா வீவக வீடுகளுக்கும் விரிந்தது, மறு வருஷம் இன்னும் 100 வெள்ளி சேர்ந்தது. வீட்டில் யாராவது ஒருவர் சிங்பாஸ் என்னும் மின்னடையாளக் கணக்கு வழியாக எடுத்துக்கொள்ளலாம். குளிர்பெட்டி, குளிரூட்டி, துணி துவைக்கும் இயந்திரம், எல்இடி விளக்கு, மின்விசிறி, குளியலறை ஷவர், குழாய் என்று பத்து வகைப் பொருள்களுக்குத்தான் செல்லும். அதிலும் கண்டதை வாங்க முடியாது. பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒன்று முதல் ஐந்து வரை டிக் போட்டிருக்கும். டிக் கூடக் கூட மின்சாரச் செலவு குறையும். குளிர்பெட்டிக்குக் குறைந்தது மூன்று டிக், குளிரூட்டிக்கு ஐந்து.

எதிர்வீட்டுச் சீனப் பாட்டி தன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் மலாய் பேச, என் மகள் அரைகுறை மலாயில் பதில் சொல்ல, ஒருவழியாகப் பற்றுச்சீட்டு எடுத்துக் கொடுத்தாள். பாட்டி வாங்கியது நாலு விளக்கும் ஒரு மின்விசிறியும். மீதியைப் பத்திரமாக வைத்திருக்கிறார், எதற்கென்று கேட்டால் சிரிக்கிறார்.

ஒரு குளிர்பெட்டியை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊர் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்து வருவது. அணை கட்ட ஆறு இல்லை. சூரியத் தகடு விரிக்கவும் பெரிய காலியிடம் இல்லை, பெரும்பாலும் எங்கள் புளோக் கூரை மாதிரி கூரைகள்தான். அந்தக் கூரை மின்சாரம் மின்தூக்கிக்கும் நடைபாதை விளக்குக்கும் போகிறது. மற்றபடி எரிக்காமல் மிச்சப்படுத்துவதுதான் வழி. இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிற ஒரு சாமான் வீட்டில் உண்டென்றால் அது குளிர்பெட்டிதானே.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பற்றுச்சீட்டுக் கொடுக்கத் தெரிந்த அதே அரசாங்கம் குப்பையில் மட்டும் தடுமாறுகிறது. காரணம் என் சமையலறையிலேயே இருக்கிறது. எங்கள் காலத்து வீடுகளில் சமையலறைச் சுவரிலேயே குப்பைக் குழாயின் வாய் உண்டு. அடுப்பிலிருந்து மூன்று எட்டு. மூடியைத் திறந்து போட்டால் 'தடதட'வென்று கீழே போய்விடும். மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டிக்கோ மின்தூக்கி பிடித்து இறங்கி, கீழ்த்தளம் தாண்டி, கார் நிறுத்தும் இடம் வரை நடக்க வேண்டும். கழுவிய பால் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு யார் போவது? போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீலத் தொட்டியில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு ஆகாத பொருள். குழம்பு ஒட்டிய பொட்டலம், பழைய செருப்பு, ஒருமுறை நானே பார்த்தது ஒரு தலையணை. 2022 கணக்கில் வீட்டுக் குப்பையில் மறுபயனீட்டுக்குப் போனது 12 விழுக்காடுதான். மீதி எரிகிறது. சாம்பல் படகேறிச் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்த ஒரே குப்பை நிரப்பிடமும் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள்.

2023இல் வீட்டுக்கு ஒரு நீலப் பெட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். பிரித்தால் பெட்டி, மடித்தால் அட்டை. நல்ல யோசனைதான். எங்கள் வீட்டில் அதில் இப்போது வெங்காயம் இருக்கிறது. 2014க்குப் பிறகு வந்த புதிய புளோக்குகளில் மாடிதோறும் மறுபயனீட்டுக்கென்றே தனிக் குழாய் வைத்துவிட்டார்கள். அதுதான் சரியான வேலை என்பது என் எண்ணம்.

எங்களுக்குச் சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையும் உண்டு. உணவுக் கடைகள் உள்ளிட்ட சில தொழில்களுக்கு 2022இல் ஒரு மானியம் வந்தது. மின்சாரம் குறைவாக இழுக்கும் விளக்கு, குளிர்பெட்டி, அடுப்பு வாங்கினால் செலவில் 70 விழுக்காடு வரை, உச்சவரம்பு 30,000 வெள்ளி. முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் ரசீதைக் காட்டிக் கேட்டால் கிடையாது. விண்ணப்பம்தான் முன்னே போக வேண்டும். இது தெரியாமல் எங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் ஏமாந்தார். நாங்கள் விளக்கையும் மாவு வைக்கும் பெரிய குளிர்பெட்டியையும் மாற்றினோம். "அடுப்பையும் மாத்திடலாமே" என்றார் கணவர். "தோசைக்கல்லு கிட்ட மட்டும் கைய வைக்காதீங்க" என்றேன். எரிவாயு நெருப்பில்லாத முறுகலை நான் இன்னும் நம்பவில்லை.

கடையில் இன்னொரு வேடிக்கை. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. வருஷத்துக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்கிறவர்களுக்குத்தான் அந்தச் சட்டம், எங்களைப் போன்ற கடைகளுக்கு இல்லை. பேரங்காடியில் துணிப்பையை மடித்து எடுத்துப் போகும் அதே அக்கா எங்கள் கடையில் வந்து, "சாம்பாருக்குத் தனிப் பை, சட்னிக்குத் தனிப் பை" என்கிறார். ஐந்து காசு ஒரு காசா? இருந்தும் அங்கே கை நீளவில்லை, இங்கே நீளுகிறது.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த நாள்களில் குடியிருப்பைச் சுற்றி வெண்டையும் பசலையும் போட்டவர். மாடி வீட்டுக்கு வந்தபின் கை அரித்தது. தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலப் பாத்திகளை வருஷம் 57 வெள்ளிக்கும் அதற்கான வரிக்கும் வாடகை விடுகிறது. குலுக்கலில் விழ வேண்டும். இரண்டு முறை விழவில்லை, மூன்றாம் முறை விழுந்தது. இப்போது என் கடைச் சாம்பாரில் அம்மாவின் வெண்டைக்காய் எப்போதாவது வரும்.

பான டப்பாவுக்கும் பாட்டிலுக்கும் 10 காசு முன்பணம், காலியைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும் என்று ஒரு திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என நாள் குறித்த செய்தியைக் கணவர் பேப்பரில் வாசித்துக் காட்டினார். பழைய பேப்பரையும் பாட்டிலையும் சேர்த்துவைத்து, ஹாரன் அடித்து வரும் காராங்கூனிக்காரரிடம் பேரம் பேசிக் காசு வாங்கிய தலைமுறை அம்மா.

"பத்துக் காசா? பரவாயில்லையே" என்றார். வெண்டைக்காய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்: "வாங்குற மெஷினை எங்க வைக்கிறாங்களாம்? லிஃப்டுக்குப் பக்கத்துலயா?"