நொதியும் நொதித் தடுப்பியும்: கமலா சோஹோனியின் ஆய்வுகளை முன்வைத்துச் சில கலைச்சொற் குறிப்புகள்

தாதர்ச் சந்தையில் மராத்தியர் ‘வால்’ என்று கேட்டு வாங்கும் பயற்றை அங்கு வாழும் தமிழர் மொச்சை என்பர். மராத்தியர் அதனை ஊறவைத்து, முளைகட்டி, தோலுரித்துப் ‘பிர்டே’ சமைப்பர். வடதமிழகத்தில் ஊறிய மொச்சையைத் தோல்நீக்கிப் பிதுக்குப்பருப்பாக்குவர். பெயர் இரண்டாயினும் பயறு ஒன்றே. அப்பயற்றினுள் இருக்கும் ஒரு புரதத்திற்கும் இவ்வாறே இரு பெயர்கள் உண்டு. ஆனால் அவை மொழியால் அன்றி நோக்கால் வேறுபடுவன. உணவியலார்க்கு அது செரிமானத்தைக் கெடுக்கும் ஊட்டத்தடைப் பொருள். தாவரவியலார்க்கு அது செடியின் தற்காப்புப் புரதம். மும்பையில் இப்புரதத்தை ஆராய்ந்த கமலா சோஹோனியின் (1911–1998) ஆய்வு வாழ்க்கையைத் தமிழில் எழுதப் புகுவோர் இச்சிக்கலையும், இதனோடு ஒத்த வேறு சிலவற்றையும் எதிர்கொள்ள நேரும்.

இந்தூரில் பிறந்த அவருடைய இயற்பெயர் கமலா பாக்வத். மராத்தி எழுத்தாளர் துர்கா பாக்வத் அவருடைய தமக்கையார். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் அவர் சேர முயன்றபோது, பெண் என்பதால் இயக்குநர் சி. வி. இராமன் முதலில் மறுத்ததும், பின்னர் நிபந்தனைகளோடு இடமளித்ததும் பலரும் அறிந்த செய்தி. அங்குச் சீனிவாசய்யாவின் வழிகாட்டுதலில் பால், பயறு ஆகியவற்றின் புரதங்களை ஆராய்ந்தார். அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் இராமன் நிகழ்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன. ஆய்வின் உள்ளடக்கம் ஓரிரு தொடரில் முடிந்துபோகிறது. பிழைகள் நுழைவதும் அத்தொடர்களிலேதான்.

எடுத்துக்காட்டாக, கேம்பிரிட்ஜில் அவர் உருளைக்கிழங்கில் ‘சைட்டோகுரோம் சி என்னும் நொதியை’க் கண்டறிந்தார் என்னும் தொடரைக் கருதலாம். ஆங்கில வாழ்க்கைக் குறிப்புகள் பலவற்றில் உள்ள தொடர் இது. மொழிபெயர்ப்பாளர் அதனை நம்பிப் பெயர்ப்பதில் வியப்பில்லை. எனினும் சைட்டோகுரோம் சி நொதியன்று. உயிரணுவின் மூச்சு நிகழ்வில் எலக்ட்ரானை ஏந்திச் சென்று மற்றொன்றிடம் ஒப்படைக்கும் புரதம் அது. அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பெற்று ஆக்சிசனோடு சேர்ப்பதே நொதி. அதன் பெயர் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். இராபின் ஹில்லும் கமலா பாக்வத்தும் 1939இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பு, பூக்கும் தாவரங்களில் இந்த ஆக்சிடேஸ் இருப்பதைப் பற்றியதே. ஆங்கிலத்தில் ‘ஏஸ்’ என்னும் ஈறே ஒரு பொருள் நொதி என்பதைக் காட்டிவிடுகிறது. தமிழில் அத்தகைய ஈறு இல்லை. எனவே நொதி என்னும் சொல்லைச் சேர்ப்பதா, விடுவதா என்பதை ஒவ்வோரிடத்திலும் மொழிபெயர்ப்பாளரே அறிந்து முடிவுசெய்ய வேண்டியுள்ளது.

தில்லியிலும் குன்னூர் உணவூட்ட ஆய்வகத்திலும் பணியாற்றியபின், 1947இல் திருமணமாகி மும்பைக்கு வந்த அவர், அங்குள்ள அறிவியல் நிறுவனத்தில் உயிர்வேதியியல் துறையை நடத்தினார். 1950களில் அவரும் மாணவர்களும் இந்திய உணவுப் பொருள்களில், குறிப்பாகப் பயறுகளில், டிரிப்சினைத் தடுக்கும் புரதங்களைத் தேடினர். டிரிப்சின் சிறுகுடலில் புரதத்தை வெட்டும் நொதி. தடுப்புப் புரதம் அதன் வெட்டுவாயில் ஆப்புப்போலச் செருகிக்கொள்ள, நொதி செயலற்றுப்போகிறது. வேகவைத்தால் இத்தடுப்பி பெரிதும் சிதையும்; பயற்றை நன்கு வேகவிடும் வழக்கத்தின் பயன் இது.

இங்குத் தொகைச்சொல்லின் அடைவு முக்கியமாகிறது. ‘நொதித் தடுப்பி’ என்பது நொதியைத் தடுப்பது என விரியும். ‘தடுப்பு நொதி’ என்று மாற்றினால், தடுக்கும் தொழிலைச் செய்யும் நொதி என்றாகிவிடும். தமிழ்த் தொகையில் தலைச்சொல் இறுதியில் நிற்பதால், இடமாற்றம் பொருளின் இனத்தையே மாற்றிவிடுகிறது: நொதியின் பகை, நொதியாகவே ஆகிவிடுகிறது.

சோஹோனியின் காலக் கட்டுரைகளில் இப்புரதம் உணவின் குறையாகவே பேசப்பட்டது. 1972இல் கிரீன், இரயன் ஆகிய இருவரும், வண்டு கடித்த உருளைக்கிழங்கு, தக்காளி இலைகளில் இத்தகைய தடுப்பிகள் பெருகுவதைக் காட்டினர்; கடிபடாத இலைகளிலும் அவை பெருகின. செடி, தன்னைத் தின்னும் பூச்சியின் செரிமானத்தையே குறிவைக்கிறது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. 1987இல் தட்டைப்பயற்றின் தடுப்பி மரபணுவைப் புகையிலையில் புகுத்திப் பூச்சியெதிர்ப்பைக் காட்டினர். எனவே 1955ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பெயர்ப்போர் ‘தற்காப்பு’ என்னும் அடையைச் சேர்ப்பது காலவழு.

தற்காப்பு நொதி என்னும் பெயர்க்கு உரியவை வேறு. நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கருப்பது பாலிபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியால். மோர் கலந்த நீரில் இட்டு அதனை மட்டுப்படுத்துவது வீட்டு வழக்கம். செடியின் காயத்தில் இதே நொதி உண்டாக்கும் பொருள்கள் பூச்சிக்கும் நோய்க்கிருமிக்கும் ஒவ்வாதவை. பூஞ்சையின் சுவரைச் சிதைக்கும் கைட்டினேசும் இவ்வகையே. 1938இல் இரிக்டருடன் சேர்ந்து கமலா பாக்வத் எழுதியதும் பீனாலேசுகளைப் பற்றித்தான். ஆயினும் அவை விலங்குத் திசுக்களைச் சார்ந்தவை. இதைக் கொண்டு அவரைத் தாவரத் தற்காப்பு நொதி ஆய்வாளர் என்பது மிகை.

குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தின் தூண்டுதலால் அவர் மேற்கொண்ட ‘நீரா’ ஆய்வு குடியரசுத் தலைவர் விருதைப் பெற்றது. நீரா என்பது நொதிக்காத பனைச்சாறு. இங்கு நொதித்தல் என்பது ஈஸ்டினால் சாறு கள்ளாவதைக் குறிக்கும். நொதி என்பதோ உயிர்வினையூக்கி. ஐரோப்பியச் சொல்லும் கிரேக்கத்தில் ‘ஈஸ்டினுள்’ எனப் பொருள்படும் வேரினின்று 1878இல் ஆக்கப்பட்டதாதலின், தமிழ்ச் சொல்லின் பிறப்பு பொருத்தமானதே. ஆனால் ஒரே பத்தியில் ‘நொதிகள் உள்ள நொதிக்காத சாறு’ என்று எழுத நேர்ந்தால் வாசகர் தடுமாறுவர். அவ்விடத்துப் ‘புளிக்காத சாறு’ என்பதே தெளிவு.

நீராவைப் பதநீர் எனப் பெயர்க்கலாமா என்பது மற்றொரு வினா. பதநீர் என்பது உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியது. அச்சுண்ணாம்பே புளிப்பைத் தடுக்கிறது. தமிழகத்தில் 2017இல் தென்னையிலிருந்து புளிக்காத சாறு இறக்க அனுமதி வழங்கப்பட்டபோது, அரசும் அதற்கு ‘நீரா’ என்னும் பெயரையே கொண்டது. ஆகவே சோஹோனியின் ஆய்வைக் குறிக்குமிடத்து நீரா என்றே எழுதி, பனைச்சாறு என ஒருமுறை விளக்குதல் போதும்.