அகிற்புகை

திருக்குற்றாலத்துச் சித்திரசபையில் மார்கழித் திருவாதிரை விழாவன்று தூபம் காட்டியதைத் தரிசித்த அடியவர் ஒருவர், “ஆறுகள் சந்தனமும் அகிலும் உந்தி வருவதாகத் தேவாரம் பல இடங்களிற் கூறுகின்றதே, அந்த அகில் யாது?” என்று நம்மை வினவினார்.

அகில் என இருவகை மரங்கள் வழங்குகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் வெள்ளையகில் வேம்பின் இனத்தது, மணமுள்ளது. மற்றொன்று அசாமிலும் அதற்குக் கிழக்கேயுள்ள நாடுகளிலும் வளர்வது. மதுரைக்குக் கீழ்காற்றொடு கப்பலில் அகில் வந்ததெனச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை சொல்லுதலால், கடல்வழி வந்த அகிலையும் நம் முன்னோர் நன்கறிவர். அரபு நாட்டார் ஊத் என்று போற்றுவது இதனையே. நாம் கொளுத்தும் ஊதுவத்தியின் பெயரிலுள்ள ‘ஊது’ அச்சொல்லே; ஊதுதல் அன்று. அகர்பத்தி என்பதும் அகிலாற் பெற்ற பெயர். பெயரில் அகில் உண்டு. குச்சியிலோ பெரும்பாலும் இல்லை.

இம்மரத்தின் வியப்பைக் கேண்மின். நோயற்ற அகிலின் கட்டை வெளுத்து, இலேசாய், மணமின்றி இருக்கும். புழு துளைத்தோ கிளை முறிந்தோ புண்பட்ட இடத்திற் பூஞ்சை புகுந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரிய பிசினைச் சுரக்கின்றது. ஆண்டுகள் பல செல்லச் செல்ல அது கட்டையில் ஊறி இறுகும். நன்கு ஊறிய துண்டு நீரில் அமிழ்ந்துவிடும். தணலிலிட்டாலே அதன் முழுமணமும் வெளிப்படும். துண்டுகளை நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து வடிக்கும் தைலம் முதலில் மாட்டுத் தொழுவத்தின் வாடை வீசும். பின்பு தேனும் புகையும் பழமரமுமாக மாறி, ஆடையில் நெடுநாள் நிற்கும். ஒரே பொருள் இத்தனை மணமாய் மாறுவதும், எளிதில் அகலாமையுமே வாசனை வல்லார் அதனை விரும்பக் காரணம். 2002ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து இவ் செயின்ட் லாரன்ட் நிறுவனம் எம்7 என்னும் வாசனைத் திரவியத்தில் இதனைச் சேர்த்தபின், மேனாட்டாரும் இதன்பின் ஓடலாயினர்.

அதனால் வந்தது கேடு. உள்ளே பிசின் உண்டா என்பது வெளியே எளிதிற் புலப்படாது. ஆகவே ஒன்றில் கிடைக்கப் பலவற்றை வெட்டினர். அசாம் அகிலின் வாணிகத்தை 1995 முதல் பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்துகின்றது. இன்று தோட்டங்களிலும் வளர்த்து, வேண்டுமென்றே புண்படுத்திப் பிசின் எடுக்கின்றனர்.

நாமும் ஏமாந்ததுண்டு. தென்காசியில் ஒரு கடையில் அகிற்கட்டை என்று சொல்லி விற்றதை மிக்க விலை கொடுத்து வாங்கிப் பூசையில் இட்டோம். தடவிய எண்ணெய் சற்று மணந்தது. பின்பு வெறும் விறகுப்புகை! அன்று நமக்குக் குங்கிலியக்கலய நாயனார் நினைவு வந்தார். நெல் வாங்க மனைவியார் தந்த தாலியைக் கொடுத்து, திருக்கடவூர் இறைவர்க்கு அவர் வாங்கியது குங்கிலியப் பொதியன்றோ? அதுவும் மரத்தின் புண்ணிற் கசியும் பிசினே. எடுப்பதற்கு மரத்தை வீழ்த்த வேண்டுவதில்லை. வினவிய அடியவர், “அகில் எங்கே கிடைக்கும்?” என்றும் கேட்டார். அவர் கையில் குங்கிலியப் பொட்டலம் ஒன்றைத் தந்தனுப்பினோம்.