கல்லாவில் இருப்பவருக்குக் காதும் வேண்டும்



வாடிக்கையாளர் ஏன் குறைகிறார்கள் என்று கேட்டால், பெரிய கடைகள் வந்துவிட்டன, கைப்பேசியிலேயே மளிகை வாங்குகிறார்கள் என்று காரணம் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் ஒரே சரக்கை ஒரே விலைக்கு விற்கும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில், ஒன்றில் கூட்டம் நிற்கிறது. மற்றதில் ஈ ஓட்டுகிறார்கள். நம்மிடம் மூட்டை எடுக்கும் கடைகளில் இதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். வேறுபாடு பேச்சில்தான் இருக்கிறது.

நம் ஊரின் பாடம்

1909-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, தாம் நடத்திய 'திராவிட நாடு' வார இதழில் 1955 முதல் 'தம்பி' என்று விளித்து மடல்கள் எழுதி வந்தார். படித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் ஒவ்வொருவரும் தமக்கே வந்த கடிதமாக நினைத்துப் படித்தனர். நம்மில் பல கட்சியினரும் உண்டு. அரசியலை ஒதுக்கி வைப்போம். கேட்பவரைக் கூட்டத்தில் ஒருவராக எண்ணாமல், நம் வீட்டு மனிதராக எண்ணிப் பேசும் முறை கடைக்கும் பொருந்தும்.

'அண்ணே', 'அம்மா' என்று அழைத்துவிட்டால் மட்டும் போதாது. அவர் நிலைமையும் தெரிந்திருக்க வேண்டும்.

தறிக்கணக்கு தெரிய வேண்டும்

பட்டு நெசவாளர் வீட்டுக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்த பிறகே கூலி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறிவிடும். வேலை தள்ளிப்போனால் கூலியும் தள்ளிப்போகும். அப்போது பத்துப் பேர் நடுவில், "பழைய பாக்கி என்ன ஆச்சு?" என்று கேட்டால், அந்த அம்மாள் மறுபடி நம் வாசலை மிதிக்க மாட்டார். பாக்கியும் அவரோடு போய்விடும்.

கூட்டம் குறைந்த நேரத்தில், "தறியில் வேலை எந்த அளவில் இருக்கிறதம்மா? சேலை எப்போது அறுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவரே ஒரு நாளைச் சொல்வார். அதை நோட்டில் குறித்துக்கொண்டு, அந்த நாள் வந்த பிறகு கேட்கலாம். சில்லறைக் கடையில் பாக்கி வசூலானால்தான் மொத்தக் கடைக்கும் பணம் வரும். ஆகவே இதில் நமக்கும் அக்கறை உண்டு.

புதியவர்களிடம் பொறுமை

ஏனாத்தூரில், 1993-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயம் இருக்கிறது. வெளியூரிலிருந்து படிக்க வருகிறவர்களும் நம் வாடிக்கையாளர்களே. தெலுங்கு பேசும் மாணவர் 'கந்திபப்பு' கேட்டால் துவரம்பருப்பு. 'மினப்பப்பு' கேட்டால் உளுத்தம்பருப்பு. இப்படிப் பத்துச் சொற்களைக் கடைப் பையனுக்குக் கற்றுக்கொடுங்கள். "இல்லை, போ" என்று அனுப்பப்பட்ட மாணவர் தனியாகப் போவதில்லை. உடன் தங்கியிருக்கும் நண்பர்களையும் அடுத்த கடைக்கு அழைத்துப் போகிறார்.

செய்யக்கூடியவை

வந்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். சிட்டையை ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டுங்கள். சரக்கு இல்லையென்றால் எப்போது வரும் என்று சொல்லுங்கள். கைப்பேசியில் பேசிக்கொண்டே எடை போடாதீர்கள். பாக்கியைப் பிறர் காதுபடக் கேட்காதீர்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கடைக்காரருக்கு வாயோடு காதும் வேண்டும். இதற்கு முதலீடு தேவையில்லை, வரியும் இல்லை. நாளைக் காலை கடை திறந்ததும், முதலில் வருபவரிடமிருந்தே தொடங்கலாம்.