நகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் உருவாகும் விதம்

புதுடில்லியின் தென்பகுதியில், ஸ்ரீ அரவிந்தர் மார்க் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தலைநகர்வாழ் தமிழர்கள் நன்கு அறிவர். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழையிலை, கறிவேப்பிலை முதலியவற்றைத் தேடி அவர்கள் அங்குச் செல்கின்றனர். மீன் வாங்க வங்காளிகளும் மலையாளிகளும் வருகின்றனர். தூதரகக் குடும்பங்களுக்கு வேண்டிய அயல்நாட்டு உணவுப் பொருள்களும் அங்கே கிடைக்கின்றன. இந்திய தேசிய இராணுவத்தின் நினைவாகப் பெயரிடப்பட்ட குடியிருப்பின் பெயரே சந்தைக்கும் வழங்கி வருகிறது. 1994-ல் சாலையின் எதிர்ப்புறத்தில் 'தில்லி ஹாட்' தொடங்கப்பட்டதும், 2010-ல் மெட்ரோ ரயில் நிலையம் திறக்கப்பட்டதும் இவ்விடத்தின் நெரிசலைப் பெருக்கின.

இச்சந்தை புதுடில்லி நகராட்சி மன்றத்தின் எல்லைக்குள் அடங்கியது. மன்றத்துக்குச் சொந்தமான கடையை நடத்தும் ஒரு வியாபாரியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குக் கடையை உரிமத்தின் பேரில் அளித்திருப்பது மன்றம். மின்சாரம் வழங்குவது மன்றம். 2002-ல் டில்லியின் பெரும்பகுதியில் மின் விநியோகம் தனியார் பங்கேற்புள்ள நிறுவனங்களிடம் சென்றபோதும், இம்மன்றம் தன் எல்லைக்குள் அப்பணியைத் தானே வைத்துக்கொண்டது. தண்ணீர் தருவது, சாக்கடையைத் துப்புரவு செய்வது, குப்பையை அகற்றுவது, கடை வாசலில் உள்ள நடைபாதையை ஒழுங்குபடுத்துவது ஆகியவையும் அம்மன்றத்தின் பணிகளே. ஆனால் அம்மன்றத்துக்கென ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அவருக்கு இல்லை. ஆகவே மன்றக் கூட்டத்தில் ஒரு பொருள் எவ்வாறு எழுதப்பட்டு, எவ்வாறு தீர்மானமாகிறது என்பது அவரைப் பொறுத்தமட்டில் வெறும் அலுவலக நடைமுறை ஆகாது.

மன்றத்தின் அமைப்பு

பிரிட்டிஷ் ஆட்சியில் புதிய தலைநகரம் எழுந்த நாளிலேயே இந்நகராட்சியும் தோன்றியது. 1927-ல் அதற்குப் புதுடில்லி நகராட்சிக் குழு என்ற பெயர் சூட்டப்பட்டது. 1911-ம் ஆண்டின் பஞ்சாப் நகராட்சிச் சட்டமே நெடுங்காலம் அதற்கு வழிகாட்டியாக இருந்தது. 1994-ல் நாடாளுமன்றம் இயற்றிய புதுடில்லி நகராட்சி மன்றச் சட்டம் அதற்குத் தனி வடிவம் அளித்தது. டில்லியின் 1,483 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 43 சதுர கிலோமீட்டரே இதன் எல்லை. 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,57,803.

2011-ல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின்னர் மன்றத்தில் 13 உறுப்பினர்கள் உள்ளனர். மத்திய அரசு அல்லது டில்லி அரசைச் சேர்ந்த மூத்த அதிகாரி ஒருவர் தலைவர். புதுடில்லித் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரும், எல்லைக்குள் அடங்கும் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவரும் இடம் பெறுகின்றனர். ஐவர் அரசு அதிகாரிகள். நால்வர் மத்திய அரசால் நியமிக்கப்படுவோர். சென்னை மாநகராட்சி மன்றத்தில் 200 வார்டுகளின் உறுப்பினர்கள் அமர்ந்து, கேள்வி நேரத்தில் தத்தம் தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் பற்றிக் குரல் எழுப்புவதைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்பு புதுமையாகத் தோன்றலாம். தலைநகரின் மையப் பகுதியில் பெரும்பாலான நிலமும் கட்டடங்களும் அரசுக்குச் சொந்தமானவை. அயல்நாட்டுத் தூதரகங்களும் இங்கேயே உள்ளன. இவையே இத்தனி ஏற்பாட்டுக்குக் கூறப்படும் காரணங்கள். காரணம் வலுவுடையதே. எனினும் வார்டு உறுப்பினர் இல்லாத இடத்தில் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை வேறு யாராவது கேட்டாக வேண்டும். நடைமுறையில் அக்கடமை பெரும்பாலும் மன்றத்தின் முன் வைக்கப்படும் குறிப்பின்மேல் விழுகிறது.

பொருள் நிரல்

மன்றம் சாதாரணமாக மாதந்தோறும் கூடுகிறது. முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்வதே முதல் பணி. அதன்பின் சாலை, கட்டடம், மின்சாரம், சுகாதாரம், கல்வி, பணியாளர் விதிகள் எனத் துறைவாரியான பொருள்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண்ணுடன், துறையைச் சுட்டும் எழுத்துக் குறியீடும் உண்டு.

இவை ஒரே தன்மையன அல்ல. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு மன்றத்தின் முன் ஒப்புதல் தேவை. அதற்குக் குறைந்தவற்றைத் தலைவர் தம் அதிகாரத்தில் முடிக்கலாம். ஆனால் அவற்றின் பட்டியலை மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டத்தின் 143-வது பிரிவு கூறுகிறது. இத்தொகை வரம்புகள் காலத்துக்கேற்ப மாற்றப்பட்டுள்ளன. 'மன்றத்தின் தகவலுக்கு' என்ற தலைப்பில் வரும் இப்பட்டியல் பல பக்கங்களுக்கு நீளும். 'தகவல் பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். முன்னர் ஒப்புதல் பெற்ற பணிகள் எந்த அளவில் நிற்கின்றன என்பதைக் காட்டும் அறிக்கையும் இவ்வாறே வைக்கப்படுகிறது. ஓர் உறுப்பினர் நேரம் செலவிட்டுப் படிக்கத்தக்க தாள்கள் இவையே. ஒப்புதல் பெற்று மாதங்கள் பல கழிந்தும் 'ஒப்பந்தப்புள்ளி தயாரிப்பில் உள்ளது' என்ற சொற்கள் மாறாமல் நிற்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண இயலாது.

ஒரு பொருளின் பயணம்

சந்தையின் பழைய வடிகால்களையும் மின்கம்பிகளையும் மாற்றும் வேலை ஒன்று மேற்கொள்ளப்படுவதாக வைத்துக்கொள்வோம். பொறியியல் துறை முதலில் உத்தேச மதிப்பீடு தயாரிக்கிறது. அதைத் தழுவி மன்றத்துக்கான முன்குறிப்பு எழுதப்படுகிறது. இக்குறிப்பின் வடிவம் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டது: பொருளின் பெயர், துறையின் பெயர், சுருக்கமான வரலாறு, விரிவான கருத்துரு, நிதிச் சுமை, வேலை முடியும் காலம் எனத் தலைப்புகள் அமையும்.

அடுத்து வருவதே இப்படிவத்தின் சிறந்த பகுதி எனலாம். நிதித் துறையின் கருத்துகள் அவர்கள் எழுதியவாறே தரப்படுகின்றன. அதன் கீழ் அவற்றுக்குத் துறை அளித்த விடை. அதன் கீழ் நிதித் துறையின் இறுதிக் கருத்து. சட்டத் துறையின் கருத்துக்கும் இதே முறை. இதே பொருள் குறித்து மன்றம் முன்பு தீர்மானம் ஏதேனும் நிறைவேற்றியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். மத்திய விழிப்புணர்வு ஆணையத்தின் நெறிமுறைகள் பின்பற்றப்பட்டன என்ற சான்றுரையும் தேவை. (அவ்வாணையத்தின் அலுவலகம் இதே ஐ.என்.ஏ. பகுதியில்தான் உள்ளது.) கடைசியில் துறையின் பரிந்துரை, வரைவுத் தீர்மானம், மன்றத்தின் முடிவு.

அரசு அலுவலகங்களில் கோப்பின் உள்ளேயே தங்கிவிடும் கருத்து வேறுபாடு இங்கு வெளிப்படையாக மேசைக்கு வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. மதிப்பீட்டில் விலை விகிதம் எதன் அடிப்படையில் கொள்ளப்பட்டது, இவ்வாண்டு வரவு-செலவுத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கீடு உண்டா, சில ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் செய்த வேலை என்னவாயிற்று போன்ற வினாக்களை நிதித் துறை எழுப்பலாம். 'குறிப்பு ஏற்கப்பட்டது, ஆவன செய்யப்படும்' என்று மட்டும் துறை விடையளித்தால், வினா அப்படியே நிற்கிறது என்பதை எந்த உறுப்பினரும் உணரலாம். வார்டு உறுப்பினர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுள் ஒரு பாதியையேனும் இவ்வாறு நிதி ஆலோசகர் கேட்டுவிடுகிறார். மறு பாதியை, அதாவது வேலை நடக்கும் மாதங்களில் மீன் கடைக்காரர்கள் எங்கே போவார்கள் என்பதை, அவர் கேட்க வேண்டிய தேவை இல்லை; படிவத்திலும் அதற்கெனத் தலைப்பு இல்லை.

மன்றம் ஏற்றுக்கொண்டால் நிருவாக ஒப்புதலும் செலவு அனுமதியும் கிடைக்கின்றன. மாணவர்கள் இவ்விரண்டையும் தொழில்நுட்ப அனுமதியையும் வேறுபடுத்தி அறிதல் நலம். வேலை தேவை என ஏற்பது நிருவாக ஒப்புதல். அதற்குப் பணம் செலவிடலாம் என்பது செலவு அனுமதி. விரிவான மதிப்பீடும் வரைபடமும் பொறியியல் முறைப்படி சரி எனத் தகுதியுள்ள பொறியாளர் சான்றளிப்பது தொழில்நுட்ப அனுமதி. இதன் பின்னரே ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். பெருந்தொகை எனில், வந்த புள்ளிகளுள் ஒன்றை ஏற்பதற்காக அதே பொருள் மீண்டும் மன்றத்துக்கு வரும். ஆகவே ஒரு வடிகால் மன்றத்தின் வாயிலை இருமுறை கடக்கக்கூடும்.

ஒரு வாசகம்

தீர்மானங்களின் இறுதியில் அடிக்கடி ஒரு வாசகம் காணப்படும்: கூட்ட நடவடிக்கைக் குறிப்பு உறுதி செய்யப்படுவதை எதிர்நோக்கித் துறை மேல்நடவடிக்கை எடுக்கலாம் என்பது அதன் கருத்து. குறிப்பு அடுத்த கூட்டத்தில்தான் உறுதியாகும். அதுவரை காத்திருந்தால் ஒரு மாதம் வீணாகும். மழைக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டிய வடிகால் வேலைக்கு அந்த ஒரு மாதம் பெரிது. இவ்வகையில் இவ்வாசகம் பயனுடையதே.

ஆனால் உறுதி செய்தல் என்ற நடைமுறை வேறொரு நோக்கத்துக்காக ஏற்பட்டது. கூட்டத்தில் கூறப்பட்டது வேறு, எழுதப்பட்டது வேறு என்றால், அதைத் திருத்த உறுப்பினருக்கு அது ஒரு வாய்ப்பு. வேலை ஆணை வழங்கப்பட்ட பின்னர் குறிப்பில் பிழை உண்டு என்று சொல்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவசரப் பொருள்களுக்கு மட்டும் காரணம் காட்டிச் சேர்க்க வேண்டிய இவ்வாசகம் வழக்கமான முத்தாய்ப்பாக மாறும்போது, உறுதி செய்தல் சடங்காகிவிடுகிறது. 'ஒருமனதாக' என்ற சொல்லும் இத்தகையதே. ஓர் உறுப்பினரின் ஐயமும் அதற்குத் தரப்பட்ட விளக்கமும் குறிப்பில் ஏறினால் தீர்மானத்தின் வலிமை குறையாது. பின்னாளில் தணிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு அதுவே விடையாக அமையும்.

கடை வாடகையும் 141-வது பிரிவும்

சந்தை வியாபாரியை நேராகத் தொடும் பொருள்கள் எஸ்டேட் துறையிலிருந்து வருபவை. உரிமத்தைப் புதுப்பித்தல், உரிமக் கட்டணத்தை மாற்றியமைத்தல், உரிமதாரர் இறந்தால் வாரிசின் பெயருக்கு மாற்றுதல், ஒரு தொழிலுக்கு அளித்த கடையில் வேறு தொழில் நடத்த அனுமதித்தல் ஆகியவை அவை. மன்றத்தின் கடைகள் பெரும்பாலும் குத்தகையின் பேரில் அன்றி உரிமத்தின் பேரில் அளிக்கப்படுகின்றன. குத்தகை சொத்தில் ஓர் உரிமையை உண்டாக்குகிறது. உரிமம், பயன்படுத்திக்கொள்ள அளிக்கப்படும் அனுமதி மட்டுமே. அது முடிவுற்ற பின்னும் ஒருவர் தொடர்ந்தால், 1971-ம் ஆண்டின் பொது இடங்கள் சட்டத்தின்படி எஸ்டேட் அதிகாரி அவரை வெளியேற்ற ஆணையிடலாம்.

கட்டணத்தை இரக்கத்தின் அடிப்படையில் மட்டும் மன்றம் நிர்ணயிக்க இயலாது. மன்றத்தின் அசையாச் சொத்து விற்கப்பட்டாலும், குத்தகைக்கு விடப்பட்டாலும், இயல்பான நியாயமான போட்டியில் கிடைக்கக்கூடிய மதிப்புக்குக் குறையக் கூடாது என்று சட்டத்தின் 141-வது பிரிவு விதிக்கிறது. சாணக்யா திரையரங்கு வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை உறுதியாக வலியுறுத்தியது. பழைய உரிமதாரர் என்பதற்காக ஏலமின்றி நீட்டிப்புக் கோர இயலாது என்பது அதன் விளைவு. தாஜ் மான்சிங் ஓட்டலின் 33 ஆண்டு உரிமம் 2011-ல் முடிந்தது. வழக்குகளுக்குப் பின் 2018-ல் ஏலம் நடந்து, முன்பு நடத்தி வந்த நிறுவனமே அதை வென்றது.

ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கும் கறிவேப்பிலை விற்கும் கடைக்கும் ஒரே சட்டம். ஓட்டல் நிறுவனம் ஏலத்தில் தோற்றாலும் வேறு நகரங்களில் அதற்கு ஓட்டல்கள் உண்டு. தந்தைக்குப் பின் மகன் நடத்தும் சிறு கடைக்கு அத்தகைய மாற்று இல்லை. மறுபுறம், சந்தை மதிப்பில் சிறு பங்கே செலுத்தும் ஒருவர் கடையை வேறொருவரிடம் மறைமுகமாக உள்வாடகைக்கு விட்டு இலாபம் பெறுவாரானால், நட்டம் பொதுப் பணத்துக்கே. இவ்விருவரையும் பிரித்தறியத் தேவையானது கடைவாரியான கள ஆய்வு. எஸ்டேட் துறையின் முன்குறிப்பில் அவ்வாய்வு இணைக்கப்பட்டிருந்தால் மன்றம் கொள்கை வகுக்க முடியும். இல்லையேல் சதவீதம் ஒன்றைத்தான் வகுக்க முடியும்.

நடைபாதை

சந்தைக்கு வெளியே, நடைபாதையில் அமர்ந்து விற்பவர்களின் நிலை வேறு. சோதன் சிங் என்பவர் இந்நகராட்சிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், நடைபாதை வியாபாரமும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு அளிக்கும் தொழில் உரிமையுள் அடங்கும், ஆனால் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது என 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014-ல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் சட்டத்தை இயற்றியது. அதன்படி நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் உறுப்பினர்களுள் 40 சதவீதத்துக்குக் குறையாதோர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தம்முள் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்புத் தருவதும் கட்டாயம்.

இதனால் ஒரு விந்தையான நிலை தோன்றியுள்ளது. நகராட்சி மன்றத்துக்கென நேரடித் தேர்தல் இல்லாத இப்பகுதியில், நகர நிருவாகம் சார்ந்த ஓர் அமைப்புக்குத் தம் பிரதிநிதியை வாக்களித்து அனுப்பும் உரிமையைச் சட்டம் நடைபாதையில் கூடை வைத்திருப்பவருக்கு அளித்திருக்கிறது. அவருக்குப் பின்னால், கட்டடத்தினுள் மாதந்தோறும் உரிமக் கட்டணம் செலுத்திக் கடை நடத்துபவருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் தம் சங்கத்தின் பெயரால் மனு எழுதி, நியமன உறுப்பினர் ஒருவரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ அளிக்கிறார். அம்மனு எஸ்டேட் துறைக்குச் சென்று, ஏதேனும் ஒரு மாதத்தின் பொருள் நிரலில், எழுத்துக் குறியீட்டுடனும் வரிசை எண்ணுடனும், 'சுருக்கமான வரலாறு' என்ற தலைப்பின்கீழ் இரண்டு வரிகளாக இடம் பெறுகிறது.