வண்டிக் கண்ணாடி வியர்க்கிறதா? துடைப்பதை விடுங்கள், காற்றைத் திருப்புங்கள்!

அதிகாலை நான்கு மணி. நீலகிரி மாவட்டம் கேத்திப் பள்ளத்தாக்கில் கழுவிய கேரட் மூட்டைகள் வண்டியில் ஏறிவிட்டன. வெளியே கடுங்குளிர், தூறல் வேறு. கேபினில் ஓட்டுநரோடு இரண்டு பேர். நனைந்த ஸ்வெட்டர், காலடியில் ஈரச் சாக்கு. ஜன்னலை இறுக மூடிக்கொண்டு புறப்பட்டால், குன்னூரைத் தாண்டுவதற்குள் முன்கண்ணாடி பால் பூசியதுபோல் வெளுத்துவிடும்.

ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் துண்டு என்று துடைத்துக்கொண்டே வளைவில் இறங்குவது பலருக்கும் பழக்கம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலிருந்து 300 மீட்டர் அளவில் இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதை அது. துடைக்கும் நேரத்தில் எதிரே பேருந்து வந்தால் லோடும் போகும், உயிரும் போகும்.

ஏன் வியர்க்கிறது?

விடியலில் இலை நுனியில் பனித்துளி நிற்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். வெப்பமான காற்று அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான். ஆட்களின் மூச்சும் ஈரத்துணியும் கேபின் காற்றில் ஈரத்தை ஏற்றுகின்றன. அந்தக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும், தாங்க முடியாத ஈரம் துளியாகப் படிந்துவிடுகிறது.

பசுமைக்குடில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் பக்கவாட்டுத் திரையைச் சுருட்டி ஈரக்காற்றை வெளியேற்றாவிட்டால் இலையில் நீர் நின்று பூஞ்சண நோய் வரும். வண்டிக்கும் அதே வைத்தியம்தான்.

செய்ய வேண்டியவை

1. காற்று வரும் திசையை முன்கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். விசிறி வடிவக் கண்ணாடியும் மேல்நோக்கி நெளியும் அம்புகளும் உள்ள குறி அதற்கானது.

2. வெளிக்காற்று உள்ளே வரும்படி வைக்க வேண்டும். கார் படத்துக்குள் அம்பு வளைந்து திரும்பும் குறி, உள்காற்றையே சுற்றவிடும் அமைப்பு. அதை அணைத்துவிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

3. ஹீட்டரைச் சூடான பக்கம் திருப்பி, புளோயரை முழு வேகத்தில் வைக்க வேண்டும். இன்ஜின் சூடேற சில நிமிடங்கள் ஆகும். எனவே, கண்ணாடி தெளிந்த பிறகே கிளம்புவது நல்லது.

4. ஏ.சி. இருந்தால் ஹீட்டரோடு சேர்த்தே போடலாம். காற்றிலுள்ள ஈரத்தை ஏ.சி. பிரித்து வெளியேற்றிவிடும். உறைபனி விழும் அளவுக்குக் குளிர்ந்தால் மட்டும் பல வண்டிகளில் கம்ப்ரசர் ஓடாது.

வெந்நீர் ஊற்றக் கூடாது. கண்ணாடி விரிசல் விடும். வெறுங்கையால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசும். வாரம் ஒரு முறை கண்ணாடியின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்து வைத்தால் ஈரம் படிவது குறையும். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சல்லடையில் சருகு அடைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும்.

வாசகர்கள் கேட்பவை

வெளியிலேயே மூடுபனி. அந்தக் காற்றை உள்ளே விட்டால் ஈரம் கூடாதா?

கூடாது. 10 டிகிரியில் நிறைய ஈரம் இருப்பதாகத் தோன்றும் காற்றில் இருப்பது 9 கிராம்தான். அதை ஹீட்டர் 25 டிகிரிக்குச் சூடாக்கினால், இன்னும் 14 கிராம் ஈரத்தை உறிஞ்ச இடம் கிடைக்கிறது. கண்ணாடியில் உள்ள நீரை அது இழுத்துக்கொள்ளும்.

பழைய வண்டி. ஹீட்டரும் இல்லை, ஏ.சி.யும் இல்லை. என்ன செய்வது?

இரு பக்க ஜன்னலையும் இரண்டு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். குளிரத்தான் செய்யும், ஆனால் பாதை தெரியும். ஈரச் சாக்கு, நனைந்த துணிகளைப் பின்னால் ஏற்றிவிட வேண்டும். உலர்ந்த பருத்தித் துணி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். துடைப்பதானால் வண்டியை ஓரங்கட்டிய பிறகே துடைக்க வேண்டும்.

சமவெளியில் மழை நாளில் ஏ.சி. போட்டாலும் கண்ணாடி மங்குகிறதே?

வைப்பரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தெளிந்தால் ஈரம் வெளிப்புறத்தில் இருக்கிறது. ஏ.சி. குளிரில் கண்ணாடி சில்லிட்டு, வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியில் படாமல் திருப்பினால் போதும்.

கண்ணாடியில் பிசுபிசுப்பு, கேபினில் இனிப்பு வாடை. ஏன்?

ஹீட்டரில் கூலன்ட் கசியலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஓடும்போது திடீரென்று கண்ணாடி மறைத்தால் வேகத்தைக் குறைத்து, அகலமான இடத்தில் ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமாகப் போனாலும் மண்டியில் கேரட்டை இறக்கலாம்.