நாய் கற்கும் நொடி

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், அந்தக் குறுகலான குழாய்க்குள் படுத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று. காதருகே சம்மட்டி அடிப்பதுபோல் ஓசை விடாமல் கேட்கும். தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். சிறு குழந்தைகளுக்குப் பல நேரம் மயக்க மருந்து கொடுத்துத்தான் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். அப்படிப்பட்ட கருவிக்குள் ஒரு நாய் தானாகவே படியேறிப் போனது. முகவாயைத் தாங்கியில் பதித்து, அசையாமல் படுத்தது. அதைக் கட்டிப்போடவில்லை, மயக்க மருந்தும் கொடுக்கவில்லை. பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். தடுக்க யாரும் இல்லை.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் நடந்த இந்த ஆய்வு 2012இல் வெளியானது. நாயின் பெயர் கேல்லி. காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட சிறிய கறுப்பு நாய். அதன் உரிமையாளரான நரம்பியல் ஆய்வாளர் கிரெகரி பெர்ன்ஸும், நாய்ப் பயிற்சியாளர் மார்க் ஸ்பிவாக்கும் சேர்ந்து அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். மெக்கென்சி என்ற இன்னொரு நாயும் அதே ஆய்வில் பங்கேற்றது.

சொல்லிப் புரியவைக்க முடியாத ஓர் உயிருக்கு இதை எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்? முகவாயைத் தாங்கியில் வைத்தால் ஒரு தின்பண்டம். ஒரு கணம் கூடுதலாக வைத்திருந்தால் இன்னொன்று. வீட்டிலேயே போலியாகச் செய்த குழாய்க்குள் அதே பழக்கம். ஸ்கேன் கருவியின் ஓசையைப் பதிவுசெய்து, முதலில் மெல்லிய ஒலியில் ஓடவிட்டு, நாய் பதறாமல் இருக்க இருக்கச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். காதுக்கு உறை அணியவும் பழக்கினார்கள். ஒவ்வொரு படியும் நாய்க்கு எளிதாக முடியும் அளவுக்குச் சிறியது; ஒவ்வொன்றுக்கும் உடனே பரிசு. சில மாதங்களில் கேல்லி உண்மையான கருவிக்குத் தயாராகிவிட்டது.

உள்ளே படுத்திருந்த நாய்க்கு இரண்டு சைகைகளைக் காட்டினார்கள். இடது கையை உயர்த்தினால் சாசேஜ் துண்டு கிடைக்கும்; இரு கைகளையும் கிடையாக நீட்டினால் எதுவும் கிடைக்காது. முதல் சைகையைக் கண்டபோது நாயின் மூளையில் காடேட் என்ற பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. மனிதர்களிடமும் பரிசை எதிர்பார்க்கும்போது செயல்படும் பகுதி அது. சாசேஜ் வாய்க்கு வருமுன்பே, கை அசைவிலேயே நாய் செய்தியைப் படித்துவிட்டது.

பரிசு கொடுத்துப் பழக்குவதைப் பலர் லஞ்சம் என்று நினைக்கிறார்கள். நாயின் மூளைக்குள் நடப்பதைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். சரியான நொடியில், மாறாத முறையில் வரும் பரிசு நாய்க்கு ஒரு செய்தி. 'இப்போது செய்தாயே, அதுதான் நான் கேட்டது' என்பதைச் சொல்ல மனிதனிடம் அதைவிடத் தெளிவான மொழி இல்லை.

மாவு ஆலையில் ஒரு புறா

இந்த மொழியின் இலக்கணத்தை முதலில் எழுதியவர் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர். 1898இல் வெளியான தன் ஆய்வுக்காக, பசித்த பூனைகளை மரச்சட்டப் பெட்டிகளில் அடைத்து வெளியே உணவை வைத்தார். உள்ளே தொங்கும் கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். பூனை முதலில் கண்டபடி பிறாண்டும், கடிக்கும், நெளியும். ஏதோ ஒரு கணத்தில் கால் கயிற்றில் பட்டு வெளியே வந்துவிடும். திரும்பத் திரும்ப அடைத்தபோது வீண் முயற்சிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கயிற்றை இழுப்பது மட்டும் மிஞ்சியது. நல்ல விளைவைத் தந்த செயல் நிலைக்கும், தராதது தேயும். இதற்கு அவர் விளைவு விதி என்று பெயரிட்டார்.

பூனை தற்செயலாகக் கயிற்றைத் தொடும்வரை தார்ன்டைக் காத்திருந்தார். காத்திருக்க வேண்டியதில்லை என்று காட்டியவர் பி.எஃப். ஸ்கின்னர். இரண்டாம் உலகப் போரின்போது, புறாக்களைக் கொண்டு ஏவுகணைக்கு வழிகாட்ட முடியுமா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். மினியாபோலிஸ் நகரத்து மாவு ஆலை ஒன்றின் மேல்தளம் அவருடைய ஆய்வுக்கூடம். 1943இல் அங்கே ஒரு புறாவுக்கு மரப்பந்தை அலகால் தட்டி உருட்டக் கற்பிக்க முயன்றார்கள். புறா பந்தைத் தட்டட்டும் என்று காத்திருந்தார்கள். தட்டவில்லை. பிறகு முறையை மாற்றினார்கள். பந்தைப் பார்த்தாலே தானியம், அலகை அதனருகே கொண்டுபோனால் தானியம், தொட்டால் தானியம். சில நிமிடங்களில் பந்து பெட்டியின் சுவர்களில் மோதி உருண்டது. இலக்கைச் சிறு படிகளாக உடைத்து, அதை நோக்கிய ஒவ்வொரு நகர்வுக்கும் பரிசளிக்கும் இந்த உத்திதான் கேல்லியை ஸ்கேன் கருவிக்குள் கொண்டுபோனது.

ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரீலண்டும் அவர் மனைவி மரியனும் இந்த முறையை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்து, கோழி, பன்றி, நாய் என்று பல விலங்குகளைப் பழக்கினார்கள். 1960களில் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் இதற்கு இன்னும் கூர்மை சேர்த்தார். டால்பினின் கழுத்தில் கயிறு மாட்ட முடியாது. அதட்டினால் அது நீந்திப் போய்விடும். விசிலும் மீனும் தவிர அவர் கையில் வேறு கருவி இல்லை. அவ்வளவே போதும் என்று தெரிந்தபோது, நாய்க்கு மட்டும் கழுத்தை நெரிக்கும் சங்கிலி எதற்கு என்ற கேள்வி தானாக எழுந்தது. 1984இல் அவர் எழுதிய நூல் அந்தக் கேள்வியை உலகெங்கும் நாய் வளர்ப்பவர்களிடம் கொண்டுசேர்த்தது.

மூளை காத்திருக்கும் வியப்பு

நாய் உட்காருகிறது. நாம் பையில் கைவிட்டு பிஸ்கட்டைத் தேடுகிறோம். அதற்குள் நாய் எழுந்து, பையை முகர்ந்து, நம்மேல் ஒரு காலை வைத்துவிடுகிறது. அப்போது பிஸ்கட்டைக் கொடுத்தால் எதற்குப் பரிசு கொடுத்தோம்? காலை வைத்ததற்கு. உட்கார்ந்ததற்குத்தான் கொடுத்தோம் என்று நாம் எண்ணுவோம். நாய்க்கு அது தெரிய வழியில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கிளிக்கர் என்ற சிறு கருவி. அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும். அந்த ஒலி வந்ததும் தின்பண்டம் வரும் என்பதை முதலில் பழக்குகிறார்கள். பிறகு நாயின் பின்புறம் தரையைத் தொடும் நொடியில் ஒலி. தின்பண்டம் ஓரிரு நொடி தாமதமாக வந்தாலும் குழப்பமில்லை. கிளிக்கர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எப்போதும் ஒரே தொனியில் சொல்லும் 'சபாஷ்' போன்ற ஒரு குறுஞ்சொல் அந்த வேலையைச் செய்யும்.

ஓர் ஒலிக்கு இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களைக் கூர்ந்து கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் துடித்தன. சாறு வருமுன் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கை எரியவிட்டபோது, சில காலத்தில் துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வரும்போது துடிப்பில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வரவேண்டிய அந்தக் கணத்தில் அணுக்கள் வழக்கத்தைவிட அடங்கின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளை கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வித்தியாசமே கற்றலின் எரிபொருள். ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மாண்டேக் மூவரும் 1997இல் 'சயன்ஸ்' இதழில் விளக்கிய இந்தக் கருத்து, நரம்பியலின் அடித்தளங்களில் ஒன்றாக இன்று நிற்கிறது.

நாயின் காதில் விழும் 'டிக்' ஒலி அந்த விளக்கைப் போலவே வேலை செய்கிறது. அந்த ஒலிக்குப் பின் சில நாள் பண்டம் வரும், சில நாள் வராது என்றால், ஒலி தன் பொருளை இழந்துவிடும். பயிற்சியில் ஒழுங்கு தவறக் கூடாது என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் அறிவியல் காரணம் இதுதான்.

வீட்டில் நான்கு பேர், நான்கு சட்டம்

பெரும்பாலான வீடுகளில் பயிற்சி தடுமாறுவது இங்கேதான். அப்பா 'உட்கார்' என்கிறார், அக்கா 'சிட்' என்கிறாள், பாட்டி 'இங்க ஒக்காரு கண்ணு' என்கிறார். மனிதருக்கு மூன்றும் ஒன்று. நாய்க்கு மூன்றும் வெவ்வேறு ஓசை. முதல் வாரத்திலேயே வீட்டார் எல்லோரும் கூடி, எந்தச் செயலுக்கு எந்தச் சொல், எது கூடும், எது கூடாது என்று முடிவுசெய்துகொள்வது, விலை உயர்ந்த பயிற்சிச் சாதனங்களைவிடப் பயன் தரும்.

ஒழுங்கின்மைக்கு இன்னொரு விளைவும் உண்டு. நாம் சாப்பிடும்போது நாய் வந்து முனகுகிறது. ஒன்பது முறை கண்டுகொள்ளாமல் இருந்து, பத்தாவது முறை ஒருவர் இரக்கப்பட்டு ஒரு தோசைத் துண்டைப் போடுகிறார். எப்போதோ ஒருமுறை கிடைத்ததால் பழக்கம் மறந்துவிடும் என்று எண்ணுவோம். நேர்மாறாகவே நடக்கும். எப்போது வரும் என்று தெரியாத பரிசு, பழக்கத்தை மிக ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பதை ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட பெரிய ஆய்வு நூலில் விரிவாகக் காட்டினார்கள். எப்போதுமே கிடைத்துவந்த பரிசு நின்றால் விலங்கு விரைவில் கைவிடும். அவ்வப்போது மட்டும் கிடைத்தது நின்றால், இன்னும் ஒருமுறை பார்ப்போம் என்று நெடுநாள் முயலும்.

நல்ல பழக்கத்துக்கும் இதே விதி துணை நிற்கும். புதிதாக ஒன்றைக் கற்பிக்கும்போது ஒவ்வொரு முறையும் பரிசு. அது உறுதியாகப் பதிந்தபின், பரிசைச் சற்று இடைவெளி விட்டுக் கொடுக்கலாம். பழக்கம் இன்னும் கெட்டிப்படும். கூடாத பழக்கத்துக்கோ ஒருமுறைகூட, ஒருவர்கூடப் பரிசளிக்கக் கூடாது. பரிசை நிறுத்திய முதல் சில நாள்களில் முனகல் குரைப்பாக மாறலாம். பழைய வழி பலிக்காதபோது விலங்கு இன்னும் பலமாக முயன்று பார்ப்பது இயல்பு. அந்தக் கட்டத்தில் பொறுமையிழந்து ஒரு துண்டைப் போட்டால், உரக்கக் குரைத்தால்தான் கிடைக்கும் என்ற புதுப் பாடத்தை நாமே நடத்தியவர்களாவோம்.

அடி என்ன கற்பிக்கிறது?

நாயை அடக்கி ஆளவேண்டும், நாம்தான் கூட்டத்தின் தலைவன் என்று காட்டவேண்டும் என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக இருக்கிறது. ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு அதற்கு ஊற்றுக்கண். அவர் பார்த்தவை விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்கள். காட்டிலே ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், 1970இல் தன் நூலில் அந்தக் கருத்தைப் பரப்பியவர். அவரே 1999இல் அதைத் திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம். தலைமைக்கான ஓயாத சண்டை அங்கே இல்லை.

தண்டனையால் நாய்க்கு நேர்வதைப் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வளர்ப்பு நாய்களைக் கவனித்தார்கள். அதட்டல், கயிற்றைச் சுண்டி இழுத்தல் போன்ற கடுமைகளால் பழக்கப்பட்ட நாய்கள் பயிற்சியின்போது உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, உடலைக் குறுக்கின. அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசோல் என்ற பதற்றச் சுரப்பு உயர்ந்திருந்தது. மிகக் கடுமையாக நடத்தப்பட்டவை, பயிற்சி இல்லாத நேரத்திலும் உணவுக் கிண்ணம் காலியாகத்தான் இருக்கும் என்பதுபோல் தயங்கித் தயங்கி அதை அணுகின. எதை நிறுத்த வேண்டும் என்று அடி சொல்லலாம்; எதைச் செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. விருந்தாளி மேல் தாவும் நாயை அடித்தால், விருந்தாளி வந்தாலே வலிக்கும் என்று அது கற்கக்கூடும். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சினால், என்ன வேண்டும் என்பது அதற்குத் தெளிவாகிவிடும்.

தீனியா, பாராட்டா?

பரிசு என்றால் தீனி மட்டுமா? எமரி ஆய்வுக் குழு 2016இல் 15 நாய்களின் மூளையில் இரண்டையும் ஒப்பிட்டது. நான்கு நாய்களின் மூளை, உரிமையாளரின் பாராட்டைக் கண்டு கூடுதலாகச் செயல்பட்டது. ஒன்பது நாய்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று. இரண்டு மட்டுமே தீனியின் பக்கம் சாய்ந்தன. அதே ஆண்டு ஹங்கேரியில் அட்டிலா அன்டிச் குழுவினர், பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தால்தான் நாயின் மூளையில் பரிசுப் பகுதி விழிக்கிறது என்று கண்டார்கள். உணர்ச்சியில்லாத குரலில் சொன்ன நல்ல சொல் போதவில்லை. கொஞ்சும் குரலில் சொன்ன பொருளற்ற சொல்லும் போதவில்லை.

எது பரிசு என்பதை நாய்தான் முடிவுசெய்கிறது. கறித்துண்டு, பந்து, தடவல், ஓட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் விருப்பம் வேறு. இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. பழக்கப்பட்ட விலங்குகளும் காலப்போக்கில் பிறவிக் குணத்துக்குச் சறுக்குகின்றன என்று பிரீலண்ட் தம்பதியரே 1961இல் எழுதினார்கள். உண்டியலில் காசு போடக் கற்ற ரக்கூன், காசுகளைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓடும் இரையைக் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைக்காக வழிவழியாக வளர்க்கப்பட்டவை. முயலைக் கண்டபின் 'வா' என்ற அழைப்புக்குத் திரும்பாத சிப்பிப்பாறையை அடங்காத நாய் என்பது நியாயமில்லை. அமைதியான முற்றத்தில் தொடங்கி, கவனம் சிதறும் இடங்களுக்கு மெல்ல நகர்த்தி, அங்கே அதற்கு மிகப் பிடித்த பரிசைக் கொடுத்துத்தான் அந்தப் பழக்கத்தை உறுதிப்படுத்த முடியும்.

யாரும் பயிற்சி கொடுக்காத தெருநாய்களும் இதே விதிப்படிதான் கற்கின்றன. கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, தெருநாய்களிடம் முன்பின் தெரியாத மனிதரைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தது. 2017இல் வெளியான அதன் முடிவின்படி, அப்படிப் பல முறை பழகும்போது, உணவு பெற்ற நாய்களைவிட அன்பாகத் தடவிக் கொடுக்கப்பட்ட நாய்களே அந்த மனிதரைக் கூடுதலாக நம்பத் தொடங்கின. நாம் கற்பிக்க உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் நாய் நம்மிடமிருந்து நாள் முழுதும் கற்றுக்கொண்டேதான் இருக்கிறது. எறியும் கல் ஒரு பாடம், நீட்டும் கை ஒரு பாடம், இன்று அனுமதித்து நாளை அதட்டுவதும் ஒரு பாடம். எந்தப் பாடத்தைத் தவறாமல் நடத்துவது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. அதைப் பொறுமையாகவும் ஒரே சீராகவும் நடத்தினால், ஓசை நிறைந்த குழாய்க்குள்ளும் ஒரு நாய் தானாக நடந்துபோய்ப் படுக்கும் என்பதை அறிவியல் நிரூபித்திருக்கிறது.